கடவுளின் முதுகும் அரிக்கன்சட்டியும்

கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். "திருகோணமலை உவர்மலையில் இருக்கிறேன். வங்கியில் வேலை, இரண்டு சின்னப் பிள்ளைகள், மாமியும் எங்களோடுதான். தவக்காலத் தியானத்தில் 'நாளாந்த வாழ்வில் இறைவனைக் காணுங்கள்' என்றார்கள். நானும் உண்மையாகவே முயன்று பார்த்தேன். விடிய நாலரைக்கு எழும்பி இடியப்பம் அவித்து, சம்பல் அரைத்து, பிள்ளைகளை வெளிக்கிடுத்தி, வேலைக்குப் போய், வந்து மறுபடியும் குசினி. ஐந்து நிமிடம் கண்ணை மூடினால் மாமியின் தொலைக்காட்சிச் சத்தம். எனக்குக் களைப்பு மட்டும்தான் தெரிகிறது. இதெல்லாம் சுவாமிமாருக்கும் கன்னியருக்கும் உரியதா, இல்லை வெறும் அழகான பேச்சா?"

மகள், விடிய நாலரைக்கு இடியப்ப உரலைப் பிழிந்துகொண்டு நிற்கும்போது கடவுள் தெரியமாட்டார். பல வருடம் மறைக்கல்வி படிப்பித்த எனக்கும் அந்த நேரத்தில் ஒருநாளும் தெரிந்ததில்லை. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் மா சரியாகக் குழைந்ததா, தண்ணீர் கொதித்ததா என்பதுதான். உங்கள் விசுவாசத்தில் குறை தேடாதீர்கள். நீங்கள் பார்க்கிற நேரம்தான் பிழை.

வேதாகமத்தில் கடவுளைச் சந்தித்தவர்களைப் பாருங்கள். யாக்கோபு கல்லைத் தலைக்கு வைத்துப் படுத்தவன். நித்திரையால் எழும்பிய பிறகுதான், ஆண்டவர் இங்கேதான் இருந்திருக்கிறார், எனக்குத்தான் தெரியாமல் போய்விட்டது என்று திடுக்கிடுகிறான். எம்மாவுக்குப் போன இரண்டு சீடர்களும் பதினொரு கிலோமீட்டர் அளவு இயேசுவோடு கதைத்துக்கொண்டே நடந்தார்கள். இங்கே நகரத்தில் இருந்து நிலாவெளிப் பக்கம் நடக்கிற மாதிரி ஒரு தூரம். அவ்வளவு நேரமும் பக்கத்தில் வருகிறவர் யாரென்று பிடிபடவில்லை. அப்பத்தைப் பிட்டபோது அடையாளம் கண்டார்கள், அந்தக் கணமே அவர் மறைந்துபோனார். பிறகுதான் "வழியில் அவர் கதைக்கும்போது நெஞ்சு கொதித்ததல்லவா" என்று ஒருவரையொருவர் கேட்கிறார்கள்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது விடுதலைப் பயண நூலின் 33ஆம் அதிகாரம். மோசே "உம் மாட்சியை எனக்குக் காட்டும்" என்று கேட்கிறார். கடவுள் அவரை ஒரு பாறைப் பிளவில் நிறுத்தி, தாம் கடந்துபோகும்வரை கையால் மூடிவைத்து, பிறகு கையை எடுக்கிறார். மோசே கண்டது முதுகை. திருகோணமலையில் வளர்ந்தவளுக்குப் பாறைப் பிளவு என்றால் கோணேசர் கோயிலடியில் உள்ள இராவணன் வெட்டுத்தான். சின்ன வயதில் இந்த வாசகம் வாசிக்கப்படும்போதெல்லாம், கீழே கடல் மோத, மோசே அந்த வெட்டுக்குள் ஒடுங்கி நிற்பதாகத்தான் எனக்குத் தோன்றும். இந்த வயதிலும் அந்தப் படம் மாறவில்லை.

கடந்துபோன பிறகு முதுகு தெரியும். நாளாந்த வாழ்வில் இறைவனைக் காண்பது என்று சொல்கிறார்களே, அது பெரும்பாலும் திரும்பிப் பார்க்கிற வேலை. இதைச் சொல்லாமல் "காணுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால், உங்களைப் போன்றவர்கள் அடுப்படியில் நின்று வராத உணர்ச்சியை வரவழைக்கப் பார்த்துக் களைத்துப்போவார்கள்.

தியானங்களில் லாரன்ஸ் சகோதரரின் கதையைக் கேட்டிருப்பீர்கள். 17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் கார்மேல் மடத்துச் சமையற்காரர். சட்டி பானைகளின் சத்தத்துக்கு நடுவிலும், நற்கருணை முன் முழந்தாளில் நிற்பதுபோலவே தமக்கு அமைதி இருக்கிறது என்றவர். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மிச்சக் கதையை யாரும் சொல்வதில்லை. குசினி வேலை அவருக்கு இயல்பாகவே பிடிக்காத வேலை. கால் ஊனம் வேறு. மடத்துக்கு வைன் வாங்கிவர பர்கண்டிக்கு அனுப்பினார்கள். படகில் நடக்கமுடியாமல் பீப்பாக்களின் மேல் உருண்டு உருண்டுதான் இடம் மாறினார். மடத்தில் சேர்ந்த முதல் பத்து வருடமும் உள்ளுக்குள் பெரிய அவதிப்பட்டதாக அவரே பிறகு கடிதத்தில் எழுதினார். நாம் மேற்கோள் காட்டுகிற அந்த அமைதி ஐம்பது தாண்டியவர் சொன்னது. முப்பது வயதில், வெங்காயம் உரித்துக்கொண்டு நின்றவரிடம் போய்க் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

கன்னியருக்கு மட்டும் உரியதா என்று கேட்டீர்கள். பானைகளுக்கு நடுவிலும் ஆண்டவர் நடமாடுகிறார் என்று ஸ்பெயின் நாட்டுக் கார்மேல் கன்னியர் அவிலா தெரேசா எழுதியது யாருக்குத் தெரியுமா? கீழ்ப்படிதலின் பேரில் செபத்தை விட்டுக் குசினிக்குப் போகவேண்டியிருக்கிறதே என்று மனம் நொந்த தம் சகோதரிகளுக்கு. அவர்களும் உங்களைப் போலத்தான் குறைப்பட்டிருக்கிறார்கள்.

சரி, திரும்பிப் பார்ப்பது எப்படி? இதற்கு நாம் தூரத்துக்குப் போகத் தேவையில்லை. 1893இல் திருகோணமலை மறைமாவட்டம் உருவாகி இயேசு சபையினரின் கையில் கொடுக்கப்பட்டது. முதல் ஆயர் லவீஞ் ஆண்டகை பிரெஞ்சுக்காரர். பிற்காலத்தில் வந்தவர்கள் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் பக்கத்துச் சுவாமிமார். அவர்கள் பள்ளிக்கூடமும் கூடைப்பந்தும் மட்டும் கொண்டுவரவில்லை. தங்கள் சபையை நிறுவிய இஞ்ஞாசியாரின் ஒரு பழக்கத்தையும் இங்கே விட்டுப்போனார்கள். படிப்பிலும் வேலையிலும் மூழ்கியிருந்த இளம் துறவிகளுக்கு நீண்ட தியானங்களைக் குறைத்துக்கொடுத்த இஞ்ஞாசியார், நாளுக்கு இரண்டு தரம் செய்யச் சொன்ன இந்த ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. நம் பழைய செபப் புத்தகங்களில் இராச் செபத்தோடு வருகிற "ஆத்தும சோதனை" அதுதான்.

எங்களுக்கு அது எப்படி வந்து சேர்ந்தது என்பது வேறு கதை. பாயில் முழந்தாளிட்டு, பொய் சொன்னது மூன்று, தங்கச்சிக்கு அடித்தது ஒன்று, செபமாலையில் நித்திரை கொண்டது எத்தனை என்று கணக்குப் பார்ப்போம். பாவம் போதாவிட்டால் பயம் பிடித்து ஒன்றிரண்டைக் கூட்டிக்கொண்டதும் உண்டு. 1548இல் திருத்தந்தையின் அங்கீகாரம் பெற்ற ஆன்மிகப் பயிற்சிகள் நூலைப் பிற்காலத்தில் எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இஞ்ஞாசியார் முதலில் செய்யச் சொன்னது நன்றி சொல்வதை. இரண்டாவது, பார்ப்பதற்கு வெளிச்சம் கேட்பது. மூன்றாவதாகத்தான் நாளைப் புரட்டிப் பார்ப்பது வருகிறது. யாரோ வழியில் முதல் இரண்டையும் உதிர்த்துவிட்டு, எங்களுக்குக் கணக்குப் புத்தகத்தை மட்டும் தந்துவிட்டார்கள். பின்னேரம் கணக்கு ஒத்துப்போகாமல் வீட்டுக்கு வரமுடியாத வேலை உங்களுடையது. இராத்திரியும் அதே வேலையைச் செய்யச் சொல்லி நான் கேட்கமாட்டேன்.

நான் இதைப் படித்துக்கொண்டது புத்தகத்தில் இருந்து இல்லை, அம்மாவின் அரிக்கன்சட்டியில் இருந்து. இப்போதைய பிள்ளைகள் அதைக் கண்டிருக்கமாட்டார்கள், கடையில் கல் பொறுக்கிய அரிசி பையில் வருகிறது. உட்பக்கம் முழுக்க வளையம் வளையமாக வரி போட்ட மண்சட்டி. அம்மா கிணற்றடியில் குந்தியிருந்து, அரிசியைப் போட்டுத் தண்ணீர் விட்டு, சட்டியைச் சரித்துப் பிடித்து ஆட்டுவார். ஒவ்வொரு ஆட்டுக்கும் கொஞ்சம் அரிசி தண்ணீரோடு அடுத்த பானைக்குள் போய்விழும். சரக், சரக் என்று ஒரு சத்தம். கல் கனமென்றபடியால் அந்த வரிகளுக்குள் தங்கிவிடும். கடைசியில் அடியில் ஒரு பிடி அரிசியும் நாலைந்து கல்லும் மிஞ்சும். அதை முருங்கையடியில் கொட்டிவிடுவார், கோழிகள் ஓடிவரும்.

நான் ஒருநாள் உதவி செய்கிறேன் என்று விரலை விட்டுக் கல் பொறுக்கினேன். அம்மா கையைத் தட்டிவிட்டார். "பொறுக்கிக்கொண்டு இருந்தால் விடிஞ்சிடும். தண்ணியை ஆட்டு, கல்லு தன்ரபாட்டில நிக்கும்." களைந்த அரிசியின் மேல் விரலால் ஒரு சிலுவை கீறிவிட்டு உலையில் போடுவார். அவருக்கு எழுத வாசிக்கப் பெரிதாகத் தெரியாது. இஞ்ஞாசியார் யாரென்று கேட்டால், பீடத்துப் பக்கத்தில் நிற்கும் சுரூபத்தைக் காட்டியிருப்பார்.

நன்றி என்பது அந்தத் தண்ணீர். இன்று கிடைத்த நல்லதொன்றை எடுத்து, நிறத்தோடும் சத்தத்தோடும் நினைத்துப் பாருங்கள். "குடும்பத்துக்காக நன்றி" என்று பொதுவாகச் சொன்னால் சட்டி அசையாது. சின்னவள் பள்ளிக்கூட வாசலில் ஒருதரம் திரும்பிப் பார்த்துக் கை காட்டினாளே, அந்தக் கை. மத்தியானம் பக்கத்து மேசைக்காரி சாப்பாட்டுப் பெட்டியை உங்கள் பக்கம் தள்ளியது. அப்படி இரண்டு மூன்றைத் தண்ணீரில் ஆட்டிக்கொண்டு போனால், கல் தானாக அடியில் நிற்கும். மாமிக்கு நீங்கள் சொன்ன ஒரு வார்த்தை நிற்கும். பொறுக்கத் தேவையில்லை. நின்றதைக் கண்டால் மன்னிப்புக் கேட்டுவிட்டு முருங்கையடியில் கொட்டிவிட்டு எழும்பலாம்.

என் வாழ்க்கையில் இருந்து ஒன்றைச் சொல்கிறேன். 2004 டிசம்பர் 26, நத்தாருக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. திருக்குடும்பத் திருவிழாவும் அன்றுதான். சுனாமியில் எங்கள் வீடு போனது, ஆட்கள் தப்பினோம். ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கவைத்திருந்தார்கள். தலைமுடி முழுக்க உப்பும் சேறும். இரண்டாம் நாள் கிணற்றடியில் வாளியைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் அள்ளத் தோன்றாமல் சும்மா நின்றேன். முக்காடு போட்ட ஒரு பெண் வந்தார். வாளியை வாங்கினார். என்னை இருத்தி, தலையில் தண்ணீர் ஊற்றத் தொடங்கினார். ஒன்றும் கேட்கவில்லை. மூன்று வாளியோ நாலு வாளியோ. விரலால் சேற்றை உதிர்த்துவிட்டு, தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அந்த நேரத்தில் எனக்குக் குளிரும் வெட்கமும்தான். பெயர்கூடக் கேட்கவில்லை.

பிறகு பல நாள் எனக்குச் செபிக்க முடியவில்லை. செபமாலையைக் கையில் எடுத்தால் கோபம் வந்தது. அடுத்த வருடம் மார்ச் 26 இரவு உயிர்ப்பு விழிப்பு. அலை வந்து சரியாக மூன்று மாதம். திருமுழுக்கு வாக்குறுதியைப் புதுப்பித்து, சுவாமி தண்ணீர் தெளித்துக்கொண்டு வந்தார். நாலைந்து துளி நெற்றியில் பட்டது. அந்தக் கிணற்றடி அப்படியே வந்து முன்னால் நின்றது. யார் எனக்குத் தண்ணீர் ஊற்றியது என்று அப்போதுதான் விளங்கியது. மெழுகுதிரியைப் பிடித்தபடி அழுதேன். பக்கத்தில் நின்றவர்கள் வீடு போன துக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

இதைப் பிழையாக விளங்கிக்கொள்ளவேண்டாம். அலையில் கடவுள் இருந்தார் என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் கையில் இருந்தார் என்று மட்டும் சொல்வேன், அதையும் என்னைப் பற்றி மட்டும். பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் போய் "இதிலும் இறைவனைக் காணுங்கள்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். என் காதால் கேட்டிருக்கிறேன். செத்த வீட்டில் செய்யவேண்டியது தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பதும் பாத்திரம் கழுவுவதும்தான். முதுகைக் காண்பதா இல்லையா, எப்போது காண்பது என்பதெல்லாம் அவரவர் பாடு.

உங்கள் மாமியின் தொலைக்காட்சிக்கு வருவோம். பிரான்சில் லிசியே கார்மேல் மடத்துக் கன்னியர் தெரேசம்மாள், 24 வயதில் 1897இல் இறந்த சின்னப் பெண், இதே தொல்லையைப் பட்டிருக்கிறார். தியான நேரத்தில் பின்னால் இருந்த ஒரு சகோதரி ஓயாமல் ஒரு சின்னச் சத்தம் எழுப்புவாராம், இரண்டு சிப்பியை ஒன்றோடொன்று உரசுவதுபோல. கடற்கரையில் வளர்ந்த நமக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும், பல் கூசும். தெரேசம்மாளுக்குத் திரும்பி முறைக்கவேண்டும்போல் இருந்தது. அடக்கிக்கொண்டதில் வேர்த்துக்கொட்டியது. கடைசியில் அதைக் கேட்காமல் இருக்கப் பாடுபடுவதை விட்டு, நல்ல இசையைக் கேட்பதுபோல் உற்றுக் கேட்டு, அதையே ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துவிட்டார். அவர் புனிதை, அவருக்கு அது முடிந்தது. எனக்கு இதுவரை முடிந்ததில்லை. "மாமி, கொஞ்சம் சத்தத்தைக் குறைச்சுவிடுங்கோ" என்று சிரித்துக்கொண்டு கேட்பதும் பாவமில்லை. கேட்டும் குறையாவிட்டால் தெரேசம்மாளை நினைத்துக்கொள்ளுங்கள்.

"தூணிலும் இருப்பான் துரும்பிலும் இருப்பான் என்று நம் சைவ அயலவர்களும் சொல்கிறார்கள், இதுவும் அதுதானே" என்று மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல கேள்வி. அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். அதன் பக்கத்தில் கிறிஸ்தவம் கொண்டுவந்து வைக்கிற ஒன்று இருக்கிறது. கடவுள் கை கால் உள்ளவராகி, நாசரேத்தில் தச்சுப் பட்டறையில் வேலை செய்தார். அவர் போதித்தது ஏறத்தாழ மூன்று வருடம். அதற்கு முன் முப்பது வருடம் அவரைப் பற்றிச் சொல்ல நற்செய்தியாளர்களுக்கு அதிகம் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆணி, பலகை, சாப்பாடு, நித்திரை. அந்த முப்பது வருடமும் வீண் என்று யாரும் சொல்லமுடியாது அல்லவா?

அப்படியென்றால் ஞாயிறு பூசை எதற்கு, குசினியே போதுமே என்று வாதிடுகிறவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பூசையில் அப்பத்தை உயர்த்தும்போது, நிலம் விளைவித்தது, மனிதர் உழைத்தது என்று சொல்லித்தானே ஒப்புக்கொடுக்கிறோம்? அந்த மேசையில் மற்றவர்களோடு நின்று பழகிய கண்தான் வீட்டில் சோற்றுப் பானையையும் ஒழுங்காகப் பார்க்கும். அந்த விழிப்பு இரவில் தண்ணீர் தெளிக்கப்படாதிருந்தால், எனக்குக் கிணற்றடி வெறும் கிணற்றடியாகவே இருந்திருக்கும். தனியே இருந்து தேடினால் சில நாளில் நம்முடைய மனநிலையையே கடவுள் என்று நினைக்கத் தொடங்கிவிடுவோம், நல்லாய் இருக்கிற நாளில் அவர் இருப்பார், தலையிடி வந்தால் போய்விடுவார்.

உங்கள் நாலரை மணிக்கு ஒன்று சொல்லாமல் விட மனமில்லை. யோவான் 21ஆம் அதிகாரம். இரவு முழுக்க வலை போட்டு ஒன்றும் படாமல் சீடர்கள் கரைக்கு வருகிறார்கள். விடிகிற நேரம். சம்மாட்டியும் வலைகாரரும் வெறும் வலைமடியைப் பார்த்துக்கொண்டு நிற்கும் முகங்களை உப்புவெளிக் கரையில் கண்டவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை. சாவை வென்று எழுந்த ஆண்டவர் கரையில் நிற்கிறார். வலையை வலப்பக்கம் போடச் சொல்கிறார், 153 மீன் படுகிறது, எல்லாரும் அந்த எண்ணிக்கையைப் பற்றித்தான் பிரசங்கம் வைப்பார்கள். ஆனால் அவர்கள் கரையேறும்போது அங்கே ஏற்கெனவே கரிநெருப்பு மூட்டி, மேலே மீன் வைத்து, அப்பமும் வைத்திருக்கிறார். "சாப்பிட வாருங்கள்" என்கிறார். உயிர்த்தவர் விடிய எழும்பிச் செய்த வேலை உங்களுடைய வேலைதான்.

அந்தக் கரிநெருப்பிலும் ஒரு விஷயம் இருக்கிறது. நம் கரையில் தேங்காய்ப் பொச்சையும் பனைமட்டையையும்தான் எரிப்பார்கள், யோவான் குறிப்பாகக் கரி என்கிறார். கரிநெருப்பு என்ற அந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இரண்டே இடத்தில்தான் வருகிறது. இது ஒன்று. மற்றது, தலைமைக் குருவின் வீட்டு முற்றத்தில் குளிர் காய்ந்துகொண்டு பேதுரு "அவரை எனக்குத் தெரியாது" என்று மறுதலித்த இடம். அதே மணம் பேதுருவின் மூக்கில் ஏறியிருக்கும். இயேசு ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. முதலில் சாப்பாடு கொடுத்தார். பிறகு மூன்று தரம் கேட்டார், என்மேல் அன்பாக இருக்கிறாயா என்று. முதல் நெருப்படியில் நடந்தது என்னவென்று பேதுரு இரண்டாவது நெருப்படியில், வயிறு நிறைந்த பிறகு பார்த்தார். அம்மாவின் கிணற்றடி முறையும் இதுதான்.

இனிச் செய்யவேண்டியதைச் சொல்கிறேன். பாயில் படுத்துக்கொண்டு வேண்டாம், முதல் நன்றியிலேயே நித்திரை வந்துவிடும். பாத்திரம் கழுவி முடிந்து குசினி விளக்கை அணைத்த கையோடு பின்வாசற்படியில் இருங்கள். போன் உள்ளே கிடக்கட்டும். பத்து நிமிடம் போதும், ஆறு நிமிடத்தில் முடிந்தால் எழும்பிவிடுங்கள். நன்றி, வெளிச்சம், புரட்டல், மன்னிப்பு, நாளைக்கு ஒரே ஒரு சின்ன விஷயம். முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியாது. நாள் முழுக்க ஒரே சாம்பல் நிறமாகத்தான் இருக்கும், விடாதீர்கள். ஒருநாள் தவறினால் மறுநாள் இரண்டு நாளுக்கும் சேர்த்துச் செய்யப் போகாதீர்கள், அது திரும்பவும் கணக்குப் புத்தகம்.

மாரி தொடங்கினால் உவர்மலையில் நுளம்பு அதிகம். காலுக்கு வேப்பெண்ணெய் பூசிக்கொண்டு இருங்கள்.